மாளிகைமேட்டுப் பீங்கான்

ஜப்பானிய வெள்ளி முலாம் பாத்திரங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். ஒரு கிண்ணம் கையில் கிடைத்தால் அதன் அழகை அவர்கள் அப்புறம்தான் பார்ப்பார்கள். முதல் வேலை, அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பது! 'ஆக்கிரமிப்பில் உள்ள ஜப்பானில் செய்தது' என்ற முத்திரை அங்கே இருந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். உலக யுத்தத்தில் தோற்று, 1945 முதல் 1952 வரை நேச நாட்டார் பிடியில் ஜப்பான் இருந்த காலத்து ஏற்றுமதிச் சரக்கு அது. ஒரு தேசத்தின் தோல்வி ஒரு கிண்ணத்தின் அடியில் எழுதியிருக்கிறது!

சரி, முத்திரையே இல்லாத பாத்திரம் தன் கதையை எப்படிச் சொல்லும்? விடை தேடிக் கப்பல் ஏற வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனால் போதும்.

அங்கே பெரிய கோயிலிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கிறது மாளிகைமேடு. முதலாம் ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடம். 1980 முதல் தொல்லியல் துறையினர் அங்கே பல முறை அகழ்ந்திருக்கிறார்கள். செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் வெளிப்பட்டன. அவற்றினிடையே சீனத்துப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன.

இதில் வியப்பில்லை. சோழர் தூதுவர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவைக்குச் சென்றார்கள். 1025-ல் ராஜேந்திரனின் கப்பல் படை கடாரம் வரை போயிற்று. கடல் கடந்த வாணிபம் அரண்மனைப் பந்தி வரை வந்து சேர்ந்ததற்கு அந்தத் துண்டுகளே சாட்சி.

அந்த மேட்டில் நடக்கும்போது, "ஒரு சில்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்கு நஷ்டம்?" என்ற சபலம் எனக்கும் தட்டியது. நஷ்டம் அந்தச் சில்லுக்குத்தான்! எந்தச் சுவரருகே, எந்த மண் அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் அதன் முத்திரை. என் வீட்டு அலமாரியில் அது வெறும் உடைந்த பீங்கான். மண்ணில் கிடக்கும்வரை சரித்திரம்.

இந்த ஊர் ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டது. அரண்மனைச் செங்கல்லை அக்கம்பக்கத்தார் தங்கள் வீடுகளுக்குப் பெயர்த்துப் போனார்கள். கோயில் மதிலின் கருங்கல், 1836-ல் கட்டிய கொள்ளிடம் கீழணைக்குப் போயிற்று. அணையாவது வயலுக்குத் தண்ணீர் தருகிறது. நம் அலமாரி என்ன தரப்போகிறது?

ஜப்பான் கிண்ணத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கலாம். அதன் முத்திரை அதனோடு கூடவே வரும். மாளிகைமேட்டுச் சில்லின் முத்திரையை மட்டும் யாராலும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது.