மேண்டில்: தீக்குப் போர்த்திய துணி

பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொளுத்திப் பழகியவர்களுக்கு மேண்டில் தெரியும். சின்ன வலைப்பை. அதை விளக்கின் கழுத்தில் நூலால் கட்டி முதல் தடவை பற்றவைத்தால் துணி எரிந்துபோகும். சாம்பல் மட்டும் பை வடிவிலேயே நின்று வெள்ளை வெளிச்சம் தரும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். 1984-இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணியின் விளக்கில் செந்தில் கைவைத்த பிறகு, அந்த விளக்கைக் கண்ணால் பார்த்திராதவர்களுக்கும் மேண்டில் பழக்கமாகிவிட்டது. நமக்கும் அதற்கும் வேறோர் உறவும் உண்டு. வலையில் ஏற்றும் உப்பில் பெரும்பகுதி தோரியம். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் தரும் மோனசைட்டைக் கண்டார். அந்த மணல் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல்.

ஆங்கிலேயர் வீட்டுக்குள் இதே ஒலிக்கு வேறு பொருள். கணப்புக்கு மேலே, நெஞ்சுயரத்தில், சுவரை ஒட்டி நீளும் தட்டு அது. (குளிர்காய மூட்டும் தீக்குக் கணப்பு என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்க, ‘நெருப்பிடம்’ என்று எழுதுவதை நான் விரும்புவதில்லை.) விளக்கின் மேண்டிலும் கணப்பின் மேண்டிலும் பிறப்பில் ஒரே சொல். ஆங்கிலத்தில் கடைசி இரண்டு எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டு இரண்டையும் பிரித்துவைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவையும் பலர், குறிப்பாக அமெரிக்கர்கள், பொருட்படுத்துவதில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இந்த ஒரு விஷயத்தில் நம் எழுத்து அவர்களுடையதைவிட நேர்மையானது.

இலத்தீனில் ‘மாண்டெல்லும்’ என்றால் மேலே போர்த்துகிற துணி, மேலங்கி. பிரெஞ்சில் அது ‘மாந்தோ’ என்ற கோட்டு ஆயிற்று. ஸ்பானிய மொழியில் பெண்கள் தலையில் இடும் ‘மாந்தில்யா’ என்ற முக்காடு ஆயிற்று. பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருப்பதாக நம் பள்ளிப் பாடத்தில் படித்த ‘கவசம்’ ஆங்கிலத்தில் இதே மேண்டில்தான்.

சரி, போர்வை எப்படித் தீக்கு மேலே ஏறியது? அதற்குப் பழைய வீட்டுக்குள் போக வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் கூடத்தின் நட்டநடுவில் தீ எரிந்தது. புகை மேலே கிளம்பி, கூரைத் திறப்பு வழியாக இஷ்டப்பட்டபோது வெளியேறியது. கென்ட் மாவட்டத்துப் பென்ஷர்ஸ்ட் மாளிகையில், 1341-இல் தொடங்கிக் கட்டிய கூடத்தில், அந்த நடு அடுப்பை இன்றும் பார்க்கலாம். பிறகு தீ சுவரோரம் நகர்ந்தது. புகையைப் பிடித்து மேலே அனுப்பச் சுவரிலிருந்து ஒரு கூண்டு முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. மேலே குறுகி, கீழே விரிந்து, தோளிலிருந்து தொங்கும் மேலங்கி போலவே. பெயர் அதற்குத்தான் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இதைப் புகைபோக்கியின் கோட்டு என்றே சொல்கிறார்கள். கூண்டின் பாரத்தைத் தாங்கிக் குறுக்கே கிடந்த உத்தரத்துக்கு ஆங்கிலத்தில் ‘மேண்டில் மரம்’ என்று பெயர்.

பின்னாளில் புகைபோக்கி சுவரின் கனத்துக்குள் புகுந்துகொண்டது. கூண்டு வேண்டாததாயிற்று. அங்கி போய்விட்டது, பெயர் மட்டும் இறங்கி, அடியில் எஞ்சிய சட்டத்தையும் தட்டையும் பிடித்துக்கொண்டது. அதுதான் மேண்டில்பீஸ். இதற்கு ‘சிம்னிபீஸ்’ என்று ஒரு போட்டிப் பெயரும் இருந்தது. ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலின்’ நாடகத்தில் வரும் சிம்னிபீஸ், கணப்பின் மேல் செதுக்கிய சிற்பம்; நீராடும் டயானா தேவியின் உருவம்.

இனி நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. துணியை இழந்த தட்டுக்கு மக்கள் மறுபடியும் துணி போர்த்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், விக்டோரியா காலத்து வீடுகளில், தட்டின் விளிம்பிலிருந்து தொங்கும் ஓர் அலங்காரத் துணி வந்தது. வீட்டுப் பெண்கள் கம்பளி நூலால் பூவேலை செய்து, மணி கோத்து, குஞ்சம் கட்டித் தாங்களே அதைத் தைத்தார்கள். பெயர் ‘லாம்ப்ரக்கின்’. வீரர்களின் குலச்சின்னங்களில் தலைக்கவசத்தின் மேலிருந்து வழியும் துணிக்கும் இதே பெயர்தான். அந்தத் துணிக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயர் ‘மேண்ட்லிங்’! யாரும் திட்டமிடாமலே சொல் தன் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

லாம்ப்ரக்கின் இன்று அருகிவிட்டது. பருவத்துக்குப் பருவம் மாறுகிற கைவேலை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. இலையுதிர் காலத்தில் சிவந்த மேப்பிள் இலைகளை மெழுகுத்தாளுக்கு நடுவே வைத்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சரமாக்குகிறார்கள். பக்கத்தில் சின்னப் பூசணிகளும் சோளத்தோகையில் சுற்றிய பொம்மைகளும் இருக்கும். டிசம்பரில் பசுங்கிளைக் கொடி, பைன் காய்கள். அமெரிக்காவில் சோளப்பொரியையும் சிவந்த கிரான்பெர்ரியையும் ஊசிநூலில் மாற்றி மாற்றிக் கோப்பார்கள். ஆரஞ்சு வில்லைகளை அடுப்பில் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தினால் கண்ணாடி போல ஒளி ஊடுருவும். முழு ஆரஞ்சில் வரிசையாகக் கிராம்பு குத்திவைத்தால் அறையெல்லாம் மணக்கும். வசந்தம் வந்தால் முட்டையின் இரு முனையிலும் துளையிட்டு, உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றி, வெற்று ஓட்டில் வண்ணம் தீட்டுவார்கள். கோடையில் தீயே கிடையாது. கணப்பின் வாய் கரிபிடித்துக் கிடக்குமே என்று, படம் வரைந்த பலகையால் அதை மூடும் வழக்கம் முன்பு இருந்தது.

பசுங்கிளைக்கு இந்தத் தட்டு பொல்லாத இடம் என்பதையும் சொல்லவேண்டும். கீழிருந்து ஏறும் சூட்டில் கொடி சில நாளில் மொரமொரவென்று காய்ந்துவிடும்; பக்கத்தில் மெழுகுவர்த்தியும் இருந்தால் அழகு ஆபத்தாகிவிடும். கிறிஸ்துமஸ் காலுறையைத் தொங்கவிடுவதும் இதே தட்டில்தான். 1823-இல் நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரப் பத்திரிகையில் வந்த ஒரு கவிதை, புகைபோக்கியருகே தொங்கும் காலுறைகளை அமெரிக்கப் பிள்ளைகளின் மனத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டது.

பண்டிகை இல்லாத நாளிலும் தட்டு காலியாக இருப்பதில்லை. ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர்கள் இதற்கென்றே முதுகு தட்டையான பொம்மைகளைச் செய்தார்கள். சுவரைப் பார்த்திருக்கும் பக்கத்துக்கு எதற்கு வண்ணம் என்று அதை அப்படியே விட்டார்கள். 1937-இல் பிரிட்டனில் தொடங்கிய ‘மாஸ் அப்சர்வேஷன்’ என்ற மக்கள் வாழ்க்கை ஆய்வு, தன் தொண்டர்களுக்குக் கொடுத்த ஆரம்ப வேலைகளில் ஒன்று: உங்கள் மேண்டில்பீஸில் இருப்பவற்றை இடமிருந்து வலமாக வரிசைப்படி எழுதுங்கள். ஒரு வீட்டைத் தெரிந்துகொள்ள அதைவிடக் குறுக்குவழி இல்லைதான்.

ஜனவரி 5 அல்லது 6, கிறிஸ்துமஸின் பன்னிரண்டாம் இரவு. அதைத் தாண்டி அலங்காரத்தை விட்டுவைத்தால் ஆகாது என்பது இங்கிலாந்து நம்பிக்கை. கழற்றி எடுத்துவைப்பதற்கு ஆங்கிலத்தில் ‘டிஸ்மேண்டில்’ என்ற சொல் பொருந்தும். பழைய பிரெஞ்சில் கோட்டையின் மதிலை இடித்து அதை அம்மணமாக்குவதைக் குறித்த சொல் அது. நேர்ப்பொருள், போர்வையை உரிப்பது. பொம்மையையும் கொடியையும் எடுத்துப் பெட்டியில் கட்டும் வேலைக்கு இவ்வளவு பொருத்தமான சொல் வேறில்லை.

மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேண்டில்பீஸை அலமாரி ஆக்கிவிடாதீர்கள். அலமாரி போர்த்துக்கீசியர் கொடுத்த சொல். அதற்குக் கதவு உண்டு, உள்ளே வைத்துப் பூட்டுவதற்கானது. இதுவோ எல்லாரும் பார்க்கத் திறந்து கிடப்பது. ‘கணப்புத் தட்டு’ என்றால் போதும். அதில் மனம் ஒப்பாவிட்டால் மேண்டில் என்றே எழுதுங்கள். பெட்ரோமாக்ஸ் புண்ணியத்தில் அது நமக்கு அந்நியச் சொல் இல்லை.