ஒரு கார்செட்டும் ஒரு குப்பாயமும்

ஒரு பழைய உடுப்பு எந்தக் காலத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

விக்டோரியா காலத்து கார்செட் ஒன்னு உங்க கைக்கு வருதுன்னு வைங்க. இடுப்பை இறுக்கிக் கட்ட ஐரோப்பியப் பெண்கள் போட்ட உள்ளுடுப்பு அது. விக்டோரியா ராணி ஆண்டது 1837-லிருந்து 1901 வரை. அந்த 64 வருஷத்துல இது எப்போ தச்சது?

உள்பக்கம் திருப்பிப் பாருங்க. நீளத் தையலெல்லாம் மெஷின் தையல்னா, பெரும்பாலும் 1850-களுக்குப் பிறகு. முன்பக்கத்து இரும்புப் பட்டை அடியில கரண்டி மாதிரி அகன்று வளைஞ்சிருந்தா, 1870-கள் அல்லது அதுக்கும் பிறகு. இப்படி, உடுப்பே தன் வயசைச் சொல்லிடும்.

சரி, அதே காலத்துல நம்ம பக்கம் என்ன நடந்தது? சாகுபுரத்துல இருந்து கடலோரமாவே தெற்கே போனா கன்னியாகுமரி மாவட்டம். அன்னைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே நாடார் பெண்கள் மேல்சாதிக்காரங்க மாதிரி தோள்சீலை போடக் கூடாது. கிறிஸ்தவத்துக்கு மாறின பெண்களுக்கு மிஷனரி குடும்பத்துப் பெண்கள் ஒரு தளர்வான சட்டையை அறிமுகப்படுத்தினாங்க. அதுதான் குப்பாயம்.

குப்பாயத்தோட வரலாற்றைத் தையல்ல மட்டும் தேடினா கிடைக்காது. அரசாங்க உத்தரவுகளைப் படிக்கணும். 1829-ல வந்த அறிவிப்பு, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம், தோள்சீலை மட்டும் கூடாதுன்னு சொன்னது. போராட்டம் நிக்கல. 1858 கடைசியில பெரிய கலவரமே வெடிச்சது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் நெருக்கடி கொடுத்தார். 1859 ஜூலை 26-ல மகாராஜா புது அறிவிப்பு போட்டார்: எல்லா நாடார் பெண்களும் சட்டை போடலாம், மீனவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணியும் சுத்திக்கலாம், ஆனா, மேல்சாதிப் பெண்கள் உடுத்துற மாதிரி மட்டும் கூடாது.

கவனிச்சீங்களா? அனுமதி கொடுக்கும்போதும் வித்தியாசத்தை விடல. லண்டன்ல எவ்வளவு இறுக்கிக் கட்டுறதுங்கிற பேச்சு நடந்த அதே வருஷங்கள்ல, இங்கே போடலாமா கூடாதாங்கிறதுக்கே வீடுகள் எரிஞ்சது.

உங்க பாட்டியோட டிரங்குப் பெட்டியில பழைய ரவிக்கை இருந்தா, உடனே துவைச்சுடாதீங்க. நிழல்ல விரிச்சு, உள்தையலை போட்டோ எடுங்க. யார் தச்சது, யார் போட்டது, எப்போதிலிருந்து போட ஆரம்பிச்சாங்கன்னு பாட்டிகிட்டயே கேட்டு எழுதி வைங்க. கடைசிக் கேள்வியை மறந்துடாதீங்க.