அதிராத கல்

நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் அந்தத் தூணைப் பார்த்ததும், 'ஏதோ பழைய கோயில் கல்லு போல' என்றார் கூட வந்த நண்பர். கோயில் கல் இல்லை. சுமார் 18 அடி உயரம், 10 டன் எடை. 1792-இல் மைக்கேல் டாப்பிங் வடிவமைத்த மதராஸ் வானாய்வகத்தில் கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல்.

ஒரு கருவிக்கு இவ்வளவு கல்லா? நட்சத்திரம் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைப் பிடித்தாக வேண்டும். பார்ப்பவர் கால் மாற்றி நின்றாலே தரை அதிரும். அதிர்வு தொலைநோக்கியில் ஏறினால் அளவு கெட்டது. கனத்த கல்லைச் சின்ன அதிர்வு அசைக்காது. ஆகவே எடை. ஆனால் எடைதான் ஒரே வழி என்பதில்லை. விண்கலத்தில் ஏற்றும் தொலைநோக்கிக்கு இன்று எடையைக் குறைத்து விறைப்பைக் கூட்டுகிறார்கள்: தேன்கூடு போல உள்ளே குடைவான பலகைகள், கரியிழைக் குழாய்களை முக்கோணமாகக் கோத்த சட்டங்கள். லேசாகவும் விறைப்பாகவும் இருப்பதன் இயல்பான அதிர்வெண் உயர்ந்துவிடும். வெளியிலிருந்து வரும் மெதுவான ஆட்டத்தோடு அது சேர்ந்து ஆடாது.

நுங்கம்பாக்கத்துக் கல் கருவியை மட்டும் தாங்கவில்லை. அதன்மேல் லத்தீனிலும் தமிழிலும் தெலுங்கிலும் இந்துஸ்தானியிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. ஆசியாவில் கணித அறிவியலை ஆங்கிலேயரின் தாராள மனம் முதன்முதலாக நட்ட காலத்தை ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களும் அறியட்டும் என்பதே நோக்கம் என்கிறது வானாய்வகத்தின் பழைய அறிக்கை. அடிமைப்பட்டவன் மொழியிலேயே அவனுக்கு அறிவில்லை என்று எழுதிவைக்கிற வேலை இது. 1802-இல் லாம்டன் தொடங்கிய நில அளவை தீர்க்கரேகைகளை இந்த வானாய்வகத்திலிருந்துதான் எண்ணியது. 1906-இல் இந்தியப் பொதுநேரம் வரும்வரை பல ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின. நிலத்தையும் நேரத்தையும் கைக்கொண்ட அதிகாரத்துக்கு அசையாத புள்ளி ஒன்று தேவைப்பட்டது.

இந்தக் கதையாடலை உள்ளிருந்தே ஒருவர் கலைத்தார். இதே வானாய்வகத்தின் பொறுப்பில் சில காலம் இருந்த ஜான் வாரன், புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைச் சந்திக்கிறார். அவரிடம் தூணும் இல்லை, கருவியும் இல்லை. மனப்பாட வாக்கியங்களை வைத்து, தரையில் சோழி பரப்பி, 1825-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டுகிறார்.

பார்த்தீர்களா நம்ம ஆளை, என்று உடனே கொண்டாடத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தக் கணக்கு கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 தவறியது. அந்த வாக்கியங்கள் யார் வீட்டுத் திண்ணையில் ஓதப்பட்டன, யாரால் அங்கே ஏறி உட்கார முடிந்தது என்ற கேள்வியும் பாக்கி இருக்கிறது. டாப்பிங்கின் கல்வெட்டைப் பொய் என்று சொல்ல அந்தச் சோழிகள் போதும். 52 நிமிடத்தை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசினால் நாமும் இன்னொரு 10 டன் கல்லைத்தான் நடுகிறோம்.