திருவள்ளூர் என்று தேடினால் மீஞ்சூர் கிடைக்காது

நம்ம ஊர் வரலாற்றைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இணையத்தில் 'திருவள்ளூர் மாவட்ட வரலாறு' என்றுதான் தட்டுகிறார்கள். பழைய புத்தகம் எதுவும் வராது. காரணம் ரொம்ப எளிது. திருவள்ளூர் மாவட்டம் உருவானதே 1997-ல்தான். அதற்கு முன் பொன்னேரி தாலுகாவும் அதிலிருந்த மீஞ்சூரும் செங்கல்பட்டு மாவட்டம். வெள்ளைக்காரர்கள் எழுதியதெல்லாம் 'சிங்கிள்புட்' என்ற பெயரில் கிடக்கிறது.

இன்டர்நெட் ஆர்க்கைவில் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்க. 1879-ல் சி.எஸ். குரோல் தொகுத்த மாவட்ட மேனுவல் வரும். நிலவரி, மிராசு உரிமை பற்றி அதில் நிறைய இருக்கிறது.

பழவேற்காட்டுக்கும் இதே கதைதான். ஆங்கிலத்தில் புலிகாட், டச்சுக்காரர்களுக்குப் பலியகட்டா. அங்கே 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1632 முதல் பத்து வருஷம் அங்கே பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரொகேரியுஸ், உள்ளூர்ப் பிராமணர்களிடம் கேட்டு இந்து சமயம் பற்றி எழுதிய நூல் 1651-ல் லெய்டனில் அச்சானது. பர்த்ருஹரியின் பாடல்கள் டச்சு மொழிக்குப் போனதும் அதில்தான். இன்று வீட்டிலிருந்தே படிக்கலாம்.

தமிழ்ப் புத்தகங்களில் வேறு சிக்கல். டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா திட்டத்தில் ஸ்கேன் செய்தபோது தலைப்புகளை ஆங்கில எழுத்தில், ஆளாளுக்கு ஒரு மாதிரி பதிந்திருக்கிறார்கள். அதனால் ஆசிரியர் பெயரை நாலைந்து விதமாக எழுதித் தேடணும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தமிழிலேயே தேடலாம் என்பது பெரிய ஆறுதல்.

ஆனால் ஸ்கேனோடு நின்றுவிடக் கூடாது. மடித்து ஒட்டிய வரைபடங்களைப் பல இடங்களில் பிரிக்காமலே படம் எடுத்திருக்கிறார்கள். அப்போது அச்சுப் பிரதியைத்தான் தேடிப் போகணும். மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து எழும்பூர். ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பாந்தியன் சாலையில் 1896-ல் திறந்த கன்னிமாரா. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நூற்பட்டியலில் பார்த்து, நூல் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் பாதி நாள் மிச்சம்.

இவ்வளவு மெனக்கெடணுமா? அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் என்று இந்தக் கரையே மாறிவிட்டது. எது ஓடை, எது உப்பளம், எது ஏரி என்று நாளை யாராவது கேட்டால், காட்ட நம் கையில் இருக்கப்போவது அந்த மடித்த வரைபடம்தான். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்றாவது நமக்குத் தெரிந்திருக்கணும்.