கண்ணாடித் தகட்டில் ஒரு கருங்கோடு

அதிகாலை இருட்டில் பால் மரம் வெட்டப் போனவர்களுக்கு ஆகாய கங்கை புதிதல்ல. வானத்தின் குறுக்கே பால் சிந்தியதுபோல் கிடக்கும் அந்தப் பட்டையின் நடுவே கருந்திட்டுகளும் ஓடும். அங்கே நட்சத்திரங்களே இல்லை என்றுதான் எண்ணத் தோன்றும். அது சரியல்ல என்று காட்டியவை சில கண்ணாடித் தகடுகள்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஹாமில்டன் மலைமேல் லிக் வானாய்வு நிலையம் உள்ளது. அங்கே 1910-ஆம் ஆண்டு முதல் ஹீபர் கர்ட்டிஸ் என்பவர், 36 அங்குல ஆடி கொண்ட கிராஸ்லி தொலைநோக்கியால் சுருள் வடிவ ஒளிமேகங்களைப் படம் பிடித்தார். இவர் முன்பு லத்தீன் ஆசிரியராக இருந்தவர்! மருந்து பூசிய கண்ணாடித் தகட்டில்தான் படம் விழ வேண்டும். ஒளி மிக மங்கல். ஆகவே ஒரு படத்துக்கே மணிக்கணக்காகும். பூமி சுழல்வதால் வானமும் நகர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்து நட்சத்திரம் ஒன்றின்மேல் கண்ணை வைத்து, அது இம்மியும் விலகாதபடி தொலைநோக்கியைத் திருத்திக்கொண்டே குளிரில் நிற்க வேண்டும். சற்று அசந்தால் இரவு முழுவதும் பட்ட பாடு வீண்.

சாப்பாட்டுத் தட்டைக் கண்ணுக்கு நேரே விளிம்பு தெரியப் பிடித்தால் வெறும் கோடாகத் தெரியுமல்லவா? என்.ஜி.சி. 891, என்.ஜி.சி. 4565 ஆகிய சுருள்கள் நமக்கு விளிம்பைத்தான் காட்டுகின்றன. அவற்றின் படங்களில் ஒளிக்கோட்டின் நடுவே ஒரு கருங்கோடு ஓடியது. இப்படிப் பல சுருள்களைக் கண்ட கர்ட்டிஸ், பின்னாலுள்ள ஒளியை ஏதோ ஒரு பொருள் மறைக்கிறது என்று 1918-இல் எழுதினார்.

அதனால் என்ன என்கிறீர்களா? ஆகாய கங்கைதான் அண்டம் முழுவதுமா, அல்லது அச்சுருள்களும் அதைப்போன்ற தனி நட்சத்திரக் கூட்டங்களா என்று அப்போது பெரிய வழக்கே நடந்தது. ஆகாய கங்கைப் பட்டையருகே சுருள்கள் தென்படுவதில்லை. தனிக் கூட்டங்கள் என்றால் எல்லாப் பக்கமும் இருக்க வேண்டாமா என்று ஒரு சாரார் கேட்டனர். நமது ஆகாய கங்கையிலும் அப்படியொரு மறைப்பு உண்டு, சுருள்கள் அதன் பின்னே இருக்கின்றன என்றார் கர்ட்டிஸ்.

1920 ஏப்ரல் 26-இல் வாஷிங்டனில் ஹார்லோ ஷேப்லியும் அவரும் எதிரெதிரே பேசினர். சூரியன் நடுவில் இல்லை என்ற ஷேப்லியின் கூற்று பின்னர் மெய்யாயிற்று. கர்ட்டிஸ் அதில் தவறினார். சுருள்களைப் பற்றிய வழக்கை எட்வின் ஹபிள் 1923-இல் எடுத்த ஆண்ட்ரோமீடா படம் தீர்த்தது. வெல்லப்பட்டவர் ஷேப்லி. மறைப்பது தூசுதான் என்பதை 1930-இல் அதே லிக் நிலையத்தின் ராபர்ட் டிரம்ப்ளர் நிலைநாட்டினார்.

என்.ஜி.சி. 891 சுமார் 3 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் கருங்கோட்டை வெளியிலிருந்து பார்க்கிறோம். ஆகாய கங்கையின் கருந்திட்டுகளும் அதே வகைத் தூசுதான். அதை மட்டும் உள்ளே நின்று பார்க்கிறோம்.