திருச்சியிலிருந்து பலாலி எவ்வளவு தூரம்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து கோவை விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலியும் திருச்சியிலிருந்து ஏறக்குறைய அதே தூரம்தான். ஒன்று மேற்கே, மற்றொன்று தென்கிழக்கே. சொன்னால் நம்மவர்கள் பலர் நம்ப மாட்டார்கள். கோவை பக்கத்து ஊர், யாழ்ப்பாணம் அயல்நாடு என்று மனத்தில் பதிந்துவிட்டது.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது பலாலி விமானத்தளம். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம், ஒரு டக்கோட்டா, இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை என்று அப்போது சொல்லப்பட்ட இந்தத் தளத்தில் இறங்கி, சென்னைக்கு வந்தது. பிறகு திருச்சிக்கும் வந்து போனது. கோயில்களுக்கும் கல்யாணப் பட்டு எடுக்கவும் யாழ்ப்பாணத்தார் இங்கே வருவார்கள் என்று என் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். விமானத்துக்கு வசதியில்லாதவர்களுக்குக் கப்பல் இருந்தது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பின் அது ராமேசுவரத்திலிருந்து போயிற்று.

1983க்குப் பிறகு எல்லாம் மாறியது. கப்பல் நின்றது. பலாலி ராணுவத்தின் கையில் இருந்தது. யாழ்ப்பாணம் போகவேண்டுமானால் திருச்சியிலிருந்து கொழும்புக்கு 420 கிலோமீட்டர் பறந்து, அங்கிருந்து தரைவழியாக வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் போகவேண்டும். 185 கிலோமீட்டர் 800 ஆகிவிட்டது. போர் உச்சத்தில் இருந்தபோது அந்தச் சாலையும் மூடிக்கிடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் குடியிருந்தார். ஊரில் அவருடைய தாயார் தவறிய செய்தி வந்து சேரவே பல நாட்கள் ஆயின. போக வழியில்லை. அம்மா மண்டபத்துப் படித்துறையில் காரியம் செய்தார். நாங்கள் நாலைந்து பேர் கூடப் போனோம். "கோயம்புத்தூரில் இருந்திருந்தால் விடிவதற்குள் போய்ச் சேர்ந்திருப்பேன், சார்" என்றார். இரண்டும் ஒரே தூரம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறந்தது. கொரோனாவால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. திருச்சியிலிருந்து 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ ஏடிஆர் விமானத்தை விட்டது.

ஒரு சின்னக் கணக்கு. டக்கோட்டா மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் பறக்கும். இந்தத் தூரத்துக்கு 40 நிமிடம். ஏடிஆர் மணிக்குச் சுமார் 500. அதற்கு 22 நிமிடம். ஓடுபாதையில் ஊர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் இன்றைக்கும் ஒரு மணி நேரம் என்றுதான் போடுகிறார்கள். ஆக, இத்தனை ஆண்டு விஞ்ஞான வளர்ச்சி நமக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தது இருபது நிமிடம்கூட இல்லை. போரும் அரசியலும் தின்றது சுமார் நாற்பது ஆண்டு.

அந்த டக்கோட்டாவில் வந்து போனவர்கள் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால், இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள்தான் இனி அதைச் சொல்ல முடியும்.