குலமும் அதன் வளையமும்

எண்களைப் பற்றியது கணிதம் என்பது பொதுவான எண்ணம். ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கணிதர் எண்களோடு நில்லாது செயல்களையும் தம் ஆராய்ச்சிக்கு உட்படுத்தினர். ஒரு செயலைச் செய்து, அடுத்து இன்னொன்றைச் செய்தால், அத்தொகுதிக்குள்ளேயே மற்றொரு செயல் கிடைக்க வேண்டும். செய்ததை மீட்கவும் அதனுள் ஒரு செயல் இருக்க வேண்டும். ஒன்றும் செய்யாதிருத்தலும் ஒரு செயலாகக் கொள்ளப்படும். இத்தகைய தொகுதியைக் குலம் என்பர்.

இரண்டு சிறிய குலங்களை எடுத்துக்கொள்வோம். மணிக்கூட்டு முள்ளொன்றைச் சும்மா விடலாம். கால் வட்டம், அரை வட்டம், முக்கால் வட்டம் திருப்பலாம். இவை நான்கு செயல்கள். இனி, ஒரு சுவரிலே இரண்டு மின்விளக்குகளுக்கு இரண்டு ஆளிகள் உள்ளன. ஒன்றையும் தொடாதிருக்கலாம்; முதலாவதை மாற்றலாம்; இரண்டாவதை மாற்றலாம்; இரண்டையும் மாற்றலாம். இவையும் நான்கு செயல்களே. இரண்டு குலங்களிலும் எதை முன் செய்தாலும் எதைப் பின் செய்தாலும் விளைவு ஒன்றே. இதனாலேயே இவை பரிமாற்றுக் குலங்கள் எனப்படும். எனினும், இவை வேறு வேறானவை. ஆளிகளில் எச்செயலையும் இருமுறை செய்தால் பழைய நிலை வந்துவிடும். கால் வட்டத் திருப்பத்தையோ நான்கு முறை செய்தாலன்றிப் பழைய நிலை வாராது.

1854 ஆம் ஆண்டிலே, இலண்டனில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்துகொண்டிருந்த ஆர்தர் கெய்லி என்னும் கணிதர், குலங்களைப் பற்றிய கட்டுரையொன்றில் ஒரு புதிய எண்ணத்தை வெளியிட்டார். குலத்தின் ஒவ்வோர் உறுப்பையும் ஓர் எண்ணாற் பெருக்கி, அவற்றை ஒன்றாகக் கூட்டி எழுதலாம் என்பதே அது. இவ்வாறு பெறும் கோவைகளைத் தம்முள் கூட்டலாம், பெருக்கலாம். இந்த அமைப்பே பிற்காலத்திலே குல வளையம் எனப் பெயர்பெற்றது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. எவ்வுறுப்பு எங்கிருந்து வந்தது என்னும் அடையாளங்களை அழித்துவிட்டு, வளையத்தை மட்டும் ஒருவர் கையிற் கொடுத்தால், அது பிறந்த குலத்தை அவர் கண்டுகொள்ள முடியுமா? வேறுபட்ட இரு குலங்கள் ஒரே அமைப்புள்ள வளையத்தைத் தருதல் கூடுமா?

விடை, எவ்வகை எண்களைக் கலந்தோம் என்பதைப் பொறுத்தது. சிக்கலெண்களைக் கலந்தால் அடையாளம் அடியோடு மறைந்துவிடும். மணிக்கூட்டு வளையமும் ஆளி வளையமும் சிக்கலெண் தொகுதியின் நான்கு படிகளாகவே பிரிந்துவிடும்; அவற்றிடையே யாதொரு வேறுபாடும் இராது. விகிதமுறு எண்களைக் கலந்தாலோ நிலை வேறு. ஆளி வளையம் நான்காகப் பிரியும். மணிக்கூட்டு வளையம் மூன்றாக மட்டுமே பிரியும். மறை ஒன்றின் வர்க்கமூலம் விகிதமுறு எண்களுள் இல்லாமையே இதற்குக் காரணம். முடிவுள்ள பரிமாற்றுக் குலங்கள் யாவற்றுக்கும் இவ்வாறே விகிதமுறு எண்கள் குலத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதை, 1950 இல் பேர்லிஸ், வோக்கர் என்னும் இரு கணிதர் நிறுவினர்.

இவர்களுக்கு முன்னரே, 1940 இல், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திலே கிரகாம் ஹிக்மன் என்னும் இளைஞர் முழுவெண்களை மட்டும் கலந்து பெறும் வளையத்தை ஆராய்ந்தார். தன்னைத்தான் சில முறை பெருக்கினால் 1 ஐத் தரும் உறுப்புகள் அவ்வளையத்தில் எவை என்று அவர் வினவினார். முடிவுள்ள பரிமாற்றுக் குலமாயின், குலத்தின் உறுப்புகளும் அவற்றின் மறைகளுமே அவை. வேறெவையும் இல்லை என்று கண்டார். ஆகவே, அவற்றைத் திரட்டினால் குலத்தின் அமைப்பு வெளிப்பட்டுவிடும். ஆளி வளையத்தில் அத்தகைய உறுப்பு ஒவ்வொன்றின் வர்க்கமும் 1 ஆகும்; மணிக்கூட்டு வளையத்தில் அவ்வாறன்று.

பரிமாற்று விதிக்கு அடங்காத குலங்களுக்கும் இது பொருந்துமா என்ற வினாவை ஹிக்மன் தம் ஆய்வேட்டிலே எழுப்பினார். பொருந்தும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. 1971 இல் டேட் என்பவர், வகுத்தலுக்கும் இடமளிக்கும் எந்த எண் தொகுதியைக் கலந்தாலும் வேறுபாடு காட்டாத இரு குலங்களை அமைத்தார். ஆயினும், அத்தகைய குலங்களை முழுவெண்கள் பிரித்துக் காட்டும் என்பதை விற்கோம் என்பவர் 1968 இலேயே நிறுவியிருந்தார். இதனால் முழுவெண்கள் மீதான நம்பிக்கை மேலும் வலுப்பெற்றது.

அந்நம்பிக்கை 2001 இல் தகர்ந்தது. ஜெர்மானியக் கணிதர் மார்ட்டின் ஹெர்ட்வெக், முழுவெண் வளையம் ஒன்றாகவே அமையும் இரு வேறு குலங்களைக் கட்டிக் காட்டினார். அக்குலங்களின் உறுப்புகளை எண்ணிக் கூற 62 இலக்கங்கள் வேண்டும். ஹிக்மனின் வினாவுக்கு விடை வர 61 ஆண்டுகள் சென்றன.

எனினும், முடிவுள்ள பரிமாற்றுக் குலங்களைப் பற்றி ஹிக்மன் நிறுவியது அசையாது நிற்கின்றது. எண்களின் வகை விரிய விரியத் தெளிவும் பெருகும் என்று கருதுவது இயல்பு. இங்கே நிகழ்ந்ததோ அதற்கு மாறானது. எல்லாவற்றையும் பிரிக்கவல்ல சிக்கலெண்கள் குலத்தின் அடையாளத்தை அழித்தன. வகுத்தலுக்கும் இடங்கொடாத எளிய முழுவெண்களே அதனைக் காத்தன.